ஜூனில் வெட்டிய கோல் செப்டம்பரில் அம்பாகாது

கேள்வி: வட கரோலினாவில், ராலேக்கு மேற்கே குடியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் பிரம்பு மாதிரி ஒன்று புதராக வளர்ந்திருக்கிறது. செரோக்கி என்ற பூர்வகுடி மக்கள் இதில்தான் அம்பு செய்தார்கள் என்று அலுவலக நண்பர் சொன்னார். ஜூன் மாதம் நேராக இருந்த இருபது குச்சிகளை வெட்டி வெயிலில் காயவைத்தேன். பாதி சுருங்கிவிட்டன. மீதியை அடுப்பில் காட்டி நிமிர்த்தினால் மறுநாள் மறுபடியும் வளைந்து நிற்கின்றன. இரண்டு குச்சி பட்டாசு மாதிரி வெடித்துவிட்டது. செப்டம்பர் வில் சீசனில் மானுக்குப் போக ஆசை. இணையத்தில் ‘அசல் ரிவர் கேன் கோல்’ டஜன் 90 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கிவிடலாமா? வெட்டி வைத்திருப்பதை என்ன செய்வது? வில் நண்பருடையது, காம்பவுண்ட்.

பதில்: கடைசியாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘வில் காம்பவுண்ட்’ என்று, அதற்குத்தான் முதல் பதில். கேன் அம்பை, அதாவது ரிவர் கேன் என்ற மூங்கிலில் செய்த அம்பை, காம்பவுண்ட் வில்லில் வைக்கவே வைக்காதீர்கள். ஒரே ஒரு தடவைகூட வேண்டாம். கப்பி வைத்த அந்த வில் தள்ளுகிற வேகத்தைத் தாங்க அலுமினியக் குழாயும் கார்பன் குழாயும்தான் சரி. உள்ளே கூடாக இருக்கும் கேன் நாணை விடும் நொடியிலேயே சிதறும். சிதறுகிற சிம்பு போய் இறங்கும் இடம் வில்லைப் பிடித்திருக்கும் உங்கள் கை. கேனுக்குக் கப்பி இல்லாத சாதாரண வில்தான்: நீளமான லாங்போ, அல்லது நுனிகள் முன்பக்கம் வளைந்த ரிகர்வ். மான் வேட்டைக்கு அந்த வில்லின் இழுவை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் பலம், குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்று உங்கள் மாநில விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். 40, 45 பவுண்டு இருந்தால் நிம்மதி.

இனி குச்சிக்கு வருவோம். இது பிரம்பு அல்ல. பிரம்பு உள்ளே கெட்டியாக இருக்கும். நாற்காலி பின்னலாம், வாத்தியார் அடிக்கலாம், அம்புக்கு ஆகாது. நீங்கள் பார்த்தது ரிவர் கேனாக இருந்தால், அது வட அமெரிக்காவின் சொந்த மூங்கில். கணுவுக்குக் கணு உள்ளே வெற்றிடம். ‘இருந்தால்’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊர் ஓடைக்கரைகளில் சீனாவிலிருந்து வந்து பரவிய தங்க மூங்கிலும் நிறைய. அதற்கு அடிப்பக்கக் கணுக்கள் நெருக்கமாக, கோணல்மாணலாக இருக்கும். கணுவுக்கு மேலே ஆழமான பள்ளம் ஓடும். உறை சீக்கிரமே உதிர்ந்து தண்டு வழவழவென்று நிற்கும். ரிவர் கேனில் கரும்புச் சோகை மாதிரி உறை தண்டைக் கட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். அடுத்த தடவை ஓடைக்குப் போகும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்த முதல் தவறு இதுதான். அழகாக இருந்ததை வெட்டினீர்கள். ஜூன் மாதக் கேன் புதரில் பளபளவென்று, பக்கக் கிளையே இல்லாமல், அம்பு மாதிரி நேராக நிற்பது அந்த வருஷக் குருத்து. புதிதாக வருகிற எல்லோருடைய கையும் அதன்மேல்தான் போகும், என் கையும் போனதுதான். அதில் நார் இன்னும் முற்றவில்லை, இருப்பதெல்லாம் தண்ணீர். வெயிலில் போட்டால் வாழைத்தண்டு மாதிரி வற்றும். வெட்ட வேண்டியது இரண்டு, மூன்று வருஷம் ஆனது: பக்கக் கிளை விட்டிருக்கும், உறை வெளுத்துக் கிழிந்திருக்கும், தண்டில் பாசியும் அழுக்கும் ஏறியிருக்கும், பார்க்க லட்சணமாக இருக்காது. நகத்தால் தட்டினால் டொக் என்று கெட்டியான சத்தம் வரும், குருத்தில் அது வராது. அடிப்பக்கம் பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், பத்து மில்லிமீட்டருக்குள். நீளம் மூன்றடிக்குக் குறையாமல்.

வெட்டும் காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. குளிரில் தண்டில் நீரும் சர்க்கரையும் குறைவு, பூச்சியும் அதிகம் வராது. வேரைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் தரையோடு நறுக்குங்கள். அடியில் கிழங்குவேர் ஓடுவதால் புதர் சாகாது. ஆனாலும் பத்துக்கு ஒன்று என்று எடுங்கள். ஒரு காலத்தில் தென்கிழக்கு மாநிலங்களின் ஆற்றுப்படுகையெல்லாம் கேன் காடாக இருந்தது. மாட்டையும் உழவையும் விட்டு அழித்ததில் பழைய பரப்பில் 2 சதவீதம்கூட மிச்சமில்லை என்கிறது கணக்கு. செரோக்கிப் பெண்கள் இரட்டைப் பின்னல் கூடை முடைவது இதே கேனில்தான். அவர்களுக்கே நல்ல கேன் கிடைப்பது பாடாக இருக்கிறது.

வெட்டியதைப் பத்துப் பத்தாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெயில் கூடாது, கார் டிக்கி கூடவே கூடாது. காயக் காயக் கட்டு தளரும், வாரம் ஒருமுறை இறுக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஆகும். காய்ந்ததா என்று சந்தேகமாக இருந்தால் சமையலறைத் தராசில் ஒரு கட்டை நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் அடுப்புப் பக்கம் போகலாம். உங்கள் குச்சிகள் வெடித்ததும் ஈரத்தால்தான். இரண்டு கணுவுக்கு நடுவே அடைபட்ட ஈரம் சூட்டில் ஆவியாகி, போக வழியில்லாமல் பிளந்துகொண்டு வந்திருக்கிறது.

நிமிர்த்துவதற்குக் கை பழக வேண்டும். மின் அடுப்பின் சிவந்த சுருளுக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில், அப்பளம் சுடுகிற மாதிரி, உருட்டிக்கொண்டே காட்டுங்கள். தோல் கையுறை அவசியம். கைக்குத் தாங்காத சூடு வந்து, வைக்கோல் நிறம் லேசாகப் பழுக்க ஆரம்பித்ததும் வெளியே எடுத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வளைத்துப் பிடியுங்கள். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவது. சூடு இருக்கும்போதே கையை எடுத்தால் கோல் தன் பழைய வீட்டுக்கே திரும்பிவிடும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும், அதுவரை பிடி தளரக் கூடாது. முதலில் கணுவுக்கு இடைப்பட்ட பகுதிகள், கடைசியில் கணுக்கள். கணு முரண்டு பிடிக்கும். ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு சின்ன வளைவு இருக்கும். ஒற்றைக் கண்ணை மூடி, கோலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உருட்டிப் பாருங்கள். முழுக்க நேராகாவிட்டாலும் இரண்டு நுனியும் ஒரே கோட்டில் இருந்தால் போதும். பிறகு கணுவின் விளிம்பை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து, தேன்மெழுகு பூசுங்கள். வட கரோலினாவின் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அது மறுபடியும் கொஞ்சம் வளையும். வேட்டைக்கு முந்தின வாரம் திரும்பச் சூடு காட்டி நிமிர்த்துவது எல்லோரும் செய்கிற வேலைதான், மனம் விட்டுவிடாதீர்கள்.

சரி, அந்த 90 டாலர் டஜன். வாங்காதீர்கள். பல வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு கட்டு வாங்கினேன். படத்தில் ஆறு, பனிமூட்டம், கழுகு எல்லாம் இருந்தது. வந்த பெட்டியைப் பிரித்தால் எல்லாம் ஒரே தடிமன், ஒரே நீளம், எல்லாக் கணுவும் இயந்திரத்தில் இழைத்தது. ஒரு கோலின் அடியில் விரல் நகம் அளவுக்குப் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. தக்காளிச் செடிக்கு ஊன்றத் தோட்டக் கடையில் விற்கிறார்களே, சீனாவிலிருந்து வரும் டோங்கின் மூங்கில் குச்சி, அதேதான். டோங்கின் மட்டமான சாமான் இல்லை, தூண்டில் கம்பே அதில் செய்கிறார்கள். ஆனால் தோட்டக் கடையில் சில்லறைக்குக் கிடைப்பதை ஆற்றங்கரைச் சரக்கு என்று சொல்லி விற்பதற்குப் பெயர் என்ன? விற்றவருக்கு எழுதினேன், இன்றுவரை பதில் இல்லை. கூடவே ‘செரோக்கி கைவேலை’ என்றும் போட்டிருந்தால் இன்னும் மோசம். பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் கைவேலை என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1,000 டாலருக்குக் குறைந்த சரக்கானால்கூட முதல் தடவைக்கே 25,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறை. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, விளம்பரம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு கூட்டமும் உண்டு: காசு கொடுத்தால் நல்ல கேன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்பார்கள். கூட்டிப் போவது அடுத்தவன் நிலத்துக்கு. மரங்களில் ஊதா நிறப் பெயிண்ட் கோடு பார்த்தீர்களானால் அது அலங்காரம் இல்லை, உள்ளே வராதே என்று அர்த்தம். அங்கே வேட்டையாட நில உரிமையாளரின் எழுத்து அனுமதி கையில் இருக்க வேண்டும்.

அரசு நிலத்தில் வெட்டலாமா என்று கேட்பீர்கள். ஒருமுறை இருபது குச்சி வெட்ட அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்தவர் இன்னொரு எண் கொடுத்தார், அந்த எண்ணில் பேசியவர் மூன்றாவது எண் கொடுத்தார், மூன்றாவது எண்ணை எடுத்தவர் முதலில் பேசிய அதே மனிதர். உங்கள் கொல்லை ஓடையிலேயே இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது மறைப்புக்காக ஜப்பான் அம்பு மூங்கில் வேலி வைத்திருந்தால் அதை விடாதீர்கள். ஜப்பானில் இதற்கு யாடாகே என்று பெயர், ‘யா’ என்றாலே அம்பு. அங்கே வில்லாளிகளின் மரபு அம்பு இதில்தான். கணு மேடில்லாமல் தட்டையாக இருக்கும், கணுவிடை நீளம், பெரும்பாலும் கணுவுக்கு ஒரே கிளை. ஆனால் உறை இதிலும் தண்டோடு ஒட்டியே கிடக்கும், ரிவர் கேன் என்று ஏமாறுவது சுலபம். ஏமாந்தாலும் நஷ்டமில்லை என்பதுதான் இதில் விசேஷம். வயது விதி அதேதான், இரண்டு மூன்று வருஷம். காலமும் அதேதான், குளிர்காலம். வேலி என்பதால் கோடையில் வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். அவர்களே கோடையில் கத்தரித்துக் குப்பையில் போட்டதை எடுத்து வருவதும் வேண்டாம், அது குருத்தாகத்தான் இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே புகுந்து பழையதாகப் பார்த்து நறுக்குங்கள். சந்தோஷமாகவே கொடுப்பார், வேலி அவர் நினைத்ததைவிட அகலமாகப் போய்க்கொண்டிருக்கும்.

பின்பக்கம் நாண் உட்காரும் வெட்டைக் கணுவுக்குச் சற்று மேலே போடுங்கள், கணு அடியில் தடுப்பாக நிற்கும், பிளவு கீழே இறங்காது. வெட்டுக்குக் கீழே நூலால் இறுக்கிச் சுற்றுங்கள். தடித்த பக்கம் முன்னே. அந்தப் பொந்தில் ஆறு அங்குல ஹிக்கரி அல்லது டாக்வுட் கட்டையைச் சீவிச் செருகி, அதில்தான் முனையைப் பொருத்த வேண்டும். வெறும் கேனில் முனையை மாட்டினால் முதல் அடியிலேயே வாய் பிளக்கும். கட்டுவதற்கு மான் தசைநார் என்றால் வாயில் போட்டு மென்று மென்று நூலாக்க வேண்டும், எச்சிலே பாதி பசை. என் வீட்டில் இதற்குத் தடை. நீங்கள் மெழுகு பூசிய செயற்கை நாரே வாங்கிக்கொள்ளுங்கள். மான் வேட்டைக்கு முனையின் அகலம் எட்டில் ஏழு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எஃகு முனையே போதும். கல்லைச் செதுக்குகிற ஆசையை இரண்டு வருஷம் கழித்து வைத்துக்கொள்ளலாம். 45 பவுண்டு வில்லுக்கு அம்பின் மொத்த எடை 450 கிரெயின், அதாவது 29 கிராம் பக்கம் வரட்டும். அதே சமையலறைத் தராசு போதும்.

இறகுக்கு வான்கோழிச் சிறகு. செரோக்கி முறையில் இரண்டே இறகு. இரண்டும் ஒரே பக்கத்துச் சிறகாக இருக்க வேண்டும், இடதும் வலதும் கலக்கக் கூடாது. நடக்கும்போது பருந்து இறகோ ஆந்தை இறகோ தரையில் கிடந்தால் குனிந்துகூட எடுக்காதீர்கள். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் கீழே கிடந்து எடுத்ததா, கொன்று எடுத்ததா என்று பார்ப்பதில்லை, கையில் வைத்திருப்பதே குற்றம். கழுகுக்கு 1940இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.

செய்து முடித்த பிறகும், எய்வதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அம்பைக் காதருகே வைத்து லேசாக வளையுங்கள். டிக் என்று சின்னச் சத்தம் வந்தாலும் அந்த அம்பை முறித்துப் போட்டுவிடுங்கள்.

ஆக இந்தச் செப்டம்பருக்குக் கேன் அம்பு இல்லை. வேட்டை லைசென்ஸுக்கு வேண்டிய வேட்டைப் பயிற்சி வகுப்பை இதற்குள் முடித்து, இரவலாக ஒரு ரிகர்வ் வாங்கி, சீடர் மரத் தண்டு அம்பில் பழகுங்கள். ஜனவரியில் கத்தரிக்கோலோடு ஓடைக்குப் போங்கள். ஜூனில் வெட்டிய இருபதில் மிஞ்சியதைக் கொல்லையில் அவரைக்கொடிக்கு ஊன்றிவிடுங்கள். ஒரு சீசன் தாங்கும்.