தேர்தல் அன்று காலையில் என்ன சொல்லி ஜெபிப்பது?

கேள்வி: எனக்கு 47 வயது. மார்த்தாண்டம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். போன தேர்தலின்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்த வாக்குவாதம் முற்றி, அடுத்த வீட்டில் இருக்கும் தம்பி என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டான். மணிப்பூரில் நடந்ததைப் பார்த்த பிறகு, நாட்டுக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. இப்போது மறுபடி தேர்தல். அம்மாவுக்கு 82 வயது, கண் தெரியாது. வாக்குச்சாவடிக்குப் போய்த்தான் ஓட்டுப் போடுவேன் என்கிறார். கூட நான் போவதா, தம்பி போவதா என்று அதற்கும் சண்டை. அவன் போனால் அவன் கட்சிக்கே அழுத்திவிடுவான். தேர்தல் அன்று காலையில் நான் என்ன சொல்லி ஜெபிப்பது?

பதில்:

அன்புச் சகோதரி,

வாய் வரவில்லை என்பதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். வீடுகளும் ஆலயங்களும் எரிந்ததைப் பார்த்தவருக்கு, மறுநாளே பழைய வார்த்தைகள் சரளமாக வந்துவிடாது. வேதாகமத்தில் சங்கீதங்களை எழுதியவரே "எதுவரைக்கும்?" என்று கேட்டு அழுதவர்தான். அதுவும் ஜெபம்தான். அன்று காலையில் அது மட்டும்தான் வருகிறது என்றால் அதையே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் நினைவுக்கு வந்தது. 1860-லிருந்து நம் ஊர்களிலிருந்து கப்பலேறி, கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகள் வாழ்கிற ஊர். 1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தாரும் வாக்களிக்கும் முதல் தேர்தல் வரப்போகிறது. ஆனால் ஜூலு இனத் தலைவர் புத்தலேசியின் இன்காதா கட்சி, போட்டியிட மாட்டோம் என்று விலகி நின்றது. டர்பன் இருக்கும் மாகாணத்தில் அன்றாடம் கொலை விழுந்துகொண்டிருந்தது. சமரசம் பேச வந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள், அமெரிக்காவின் கிஸ்ஸிஞ்சரும் பிரிட்டனின் கேரிங்டனும், கைவிரித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அவர்களோடு வந்திருந்த கென்யப் பேராசிரியர் வாஷிங்டன் ஒகுமு மட்டும் போகவில்லை. புத்தலேசியைப் பார்க்க விமான நிலையத்துக்கு ஓடினார். அதற்குள் புத்தலேசியின் விமானம் கிளம்பிவிட்டது. ஆனால் பறந்த சற்று நேரத்தில் ஏதோ கோளாறு என்று அதே விமானம் திரும்பி வந்தது. ஒகுமு அங்கேயே நின்றிருந்தார், பேச்சு மறுபடி தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 17 ஞாயிறு, டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் கூடி சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். அந்த ஜெபம் நடந்துகொண்டிருந்தபோதே, அதே மைதானத்தின் ஓர் அறையில் ஒகுமு எழுதிய உடன்பாட்டு வரைவைக் கையில் வைத்துத் தலைவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். 19-ஆம் தேதி உடன்பாடு வந்தது. வாக்குச்சீட்டெல்லாம் ஏற்கெனவே அச்சடித்தாகிவிட்டதால், இன்காதாவின் பெயரை ஒரு துண்டு ஸ்டிக்கராக அடியில் ஒட்டினார்கள்.

விமானத்தைத் திருப்பியது ஜெபம்தான் என்று அங்கிருந்த பலர் இன்றைக்கும் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் விமானம் திரும்பி வந்தபோது அங்கே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார், பாருங்கள். என் மனசு அதில்தான் நிற்கிறது. அப்புறமும் எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. 24-ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் குண்டு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அப்படியும் 27-ஆம் தேதி மக்கள் மைல் கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் பணி பார்த்திருக்கிறேன். முந்தின நாளே இயந்திரத்தோடு போய்ப் பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்துவிட்டு, விடியும் முன்பே எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். குறைந்தது 50 ஓட்டு. எல்லாக் கட்சி முகவர்களும் சுற்றி நின்று எண்ணிப் பார்ப்பார்கள். அழித்துவிட்டு, சீல் வைத்து, அதில் அவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். ஒருமுறை, முந்தின வாரம் தெருவில் அடித்துக்கொண்ட இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே பெஞ்சில் முகவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். மதியம் ஒருவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வரவில்லை. மற்றவர் தன் எலுமிச்சைச் சோற்றை இலையோடு பாதியாகக் கிழித்து, முகத்தைப் பார்க்காமலே அவர் பக்கம் தள்ளி வைத்தார். இவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நாட்டைப் பற்றி மனசு கலங்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழிந்த இலைதான் ஞாபகம் வரும்.

பார்வை இல்லாதவர் துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம். துணைக்கு வருபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். அன்று வேறு யாருக்கும் துணையாகப் போயிருக்கக் கூடாது. ஓட்டு யாருக்கு என்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய வலது ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். தன் சொந்த ஓட்டுக்கு இடது விரலில் மை வைப்பது தனி.

யார் துணை என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் அம்மா. நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பது அவருடைய ஓட்டைப் பற்றி. அவரிடம் யாராவது கேட்டீர்களா? போய்க் கேளுங்கள். அவர் உங்கள் தம்பியைச் சொன்னால், மனசார விட்டுக்கொடுங்கள். கண் தெரியாத தாய் காதோடு சொல்லும் பெயரைக் கேட்டு, அந்தச் சின்னத்தின் நேரே விரலை வைக்கும்போது அவனால் ஏமாற்ற முடியும்தான். உங்களாலும் முடியும். அம்மா இது தெரிந்துதானே பிள்ளைகளை நம்பிப் போகிறார்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்தக் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று மனசில் இருப்பதைக் கடவுளிடம் மறைக்க வேண்டியதில்லை. சொல்லிவிடுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், பெயர் பெயராகச் சொல்லுங்கள். ராத்திரி பூராவும் சரியாகத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிற வாக்குச்சாவடி டீச்சருக்காக. வாசலில் நிற்கிற காவலருக்காக. மணிப்பூரின் இம்பாலிலும் சூராசந்த்பூரிலும் சொந்த வீட்டுக்குத் திரும்ப முடியாமல் இருப்பவர்களுக்காக. கடைசியாகத் தம்பியின் பெயர். அது தொண்டையில் சிக்கினால் சிக்கட்டும், பெயரை மட்டும் சொல்லுங்கள்.

ஜெபித்து முடித்ததும் எழுந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 7 மணிக்கெல்லாம் வாக்குப்பதிவு ஆரம்பித்துவிடும், வெயிலுக்கு முன்பே அம்மாவைக் கூட்டிப் போய்விடலாம். அவரைப் போன்றவர்களை வரிசையில் நிற்க வைக்காமல் முதலில் உள்ளே விடுவார்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போங்கள். ஆட்டோவை நீங்கள் சொல்லாதீர்கள். தம்பியைச் சொல்லச் சொல்லுங்கள்.