ஆம்ப்ளிஃபயரை மாற்றியும் பேஸ் (தாழ்ந்த ஒலி) கும்மென்று தேங்குகிறது. அடுத்து மாற்ற வேண்டியது கேபிளா, டேக்கா (DAC, டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி)?

இரண்டும் வேண்டாம். கோளாறு அறையில்தான். உங்கள் அறை நீளம் 5 மீட்டர். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை, அறை நீளத்தின் இருமடங்கான 10-ஆல் வகுத்தால் சுமார் 34 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் ஒலி அலை சுவர்களுக்கிடையே நிலை அலையாகத் தங்கிவிடும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் கும்மும். நட்டநடுவில் 34 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். இந்தப் பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முயலாதீர்கள். கூட்டும் சக்தியும் அங்கே ரத்தாகிவிடும், வூஃபர்தான் (பேஸ் தரும் ஸ்பீக்கர்) திணறும். கும்மும் மேட்டை மட்டும் குறைக்கலாம்.

முதலில் சோபாவைப் பின்சுவரிலிருந்து 1.9 மீட்டர் முன்னே இழுங்கள், அதாவது நீளத்தில் 38%. பிறகு ஸ்பீக்கர்களை 10 செ.மீ. வீதம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அளவீட்டு மைக்கில் பாருங்கள். செலவே இல்லாத இந்த வேலைதான் அதிகம் கைகொடுக்கும்.

பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்தட்டும். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அதில் ஸ்பீக்கர் தெரியும் புள்ளியில் 10 செ.மீ. தடிமனான ராக்வூல் (கல் நார்) பேனல், பின்னால் 10 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டுங்கள். மெல்லிய ஃபோம் ஒட்டினால் உச்ச ஒலி மட்டும் மங்கும், பேஸ் அப்படியே நிற்கும். மூலைகளுக்குத் தரையிலிருந்து கூரைவரை தடித்த பேஸ் ட்ராப், அதாவது பேஸை உறிஞ்சும் பேனல்.