வாசகர் கேள்வி–பதில்: நன்கொடை நோட்டீஸில் எதை எழுதுவது, எதை விடுவது?

கே: எங்கள் ஊர்க் குழந்தைகள் இல்லத்துக்கு உதவி கேட்டு இரண்டு பக்க நோட்டீஸ் அடித்து 500 வீடுகளுக்குக் கொடுத்தோம். மாவட்டத்தில் ஆதரவற்ற குழந்தைகள் எத்தனை பேர், படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று எல்லாப் புள்ளிவிவரங்களையும் தேடிப் பிடித்துப் போட்டிருந்தோம். அச்சுக்கூலிகூடத் திரும்பவில்லை. எங்கே தவறு?
*— வாசகி, தஞ்சாவூர்*

ப: புள்ளிவிவரம் தவறில்லை, அதை முதல் பக்கத்தில் வைத்ததுதான் தவறு.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை 2007-ல் வெளியானது. கருத்துக்கணிப்பில் கலந்துகொண்டவர்களுக்குக் கூலியாக ஐந்து ஒரு டாலர் நோட்டுகளைக் கொடுத்து, கூடவே ஓர் உதவிக் கடிதத்தையும் நீட்டினார்கள். மாலி நாட்டைச் சேர்ந்த ரொக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 1.14 டாலர். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, தொகை கூடாமல் 1.43-க்கு இறங்கிவிட்டது. கணக்குப் போடத் தொடங்கிய மனம் இரங்குவதைக் குறைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இதை அப்படியே நம்பி இரண்டு மடங்கு வசூலை எதிர்பார்க்காதீர்கள். 2023-ல் வெளியான ஒரு மறுசோதனையில் இந்த வேறுபாடு தென்படவே இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் உறுதி: எண்ணிக்கையைப் பெரிதாக்கினால் கொடை அதே அளவுக்குப் பெரிதாவதில்லை. 'மாவட்டத்தில் இத்தனை ஆயிரம் பேர்' என்று படிப்பவர், தன் 500 ரூபாய் அந்தக் கடலில் எந்த மூலைக்கு என்றுதான் நினைப்பார்.

ஆகவே முதல் பத்தியில் ஒரே ஒரு தேவை, அதன் விலை, அது எதற்குப் போதும் என்பது மட்டும் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று உங்கள் மளிகை, காய்கறி, பால், கேஸ் பில்களைக் கூட்டி, தலைக்கு வகுத்து, வந்த தொகையை எழுதுங்கள். குத்துமதிப்பாக எழுதினால் பில்லைக் கேட்பவரிடம் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்த வரியில் அதில் பாதி, கால் பங்கு எதற்கு ஆகும் என்று சொல்லுங்கள். புள்ளிவிவரம் பின்பக்கத்துக்குப் போகட்டும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு குழந்தையைக் காட்டினால் மனம் இளகும் என்று இல்லத்துப் பிள்ளையின் படத்தைப் போட்டுவிடாதீர்கள். 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும் வெளியிட்டதுதான். சட்டத்தை விடுங்கள், தான் உண்ணும் சோற்றுக்குத் தன் முகத்தை விளம்பரமாக்கிய நோட்டீஸ் ஊரெல்லாம் கிடப்பதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டுமா? சமையற்கூடத்தின் படம், ஒழுகும் கூரையின் படம் போதும்.

கே: சம்பளம், வாடகை என்று நிர்வாகச் செலவைக் காட்டினால் கொடுக்க வருபவர் பின்வாங்குகிறார். காட்டாமல் விடலாமா?
*— வாசகர், திண்டுக்கல்*

ப: மறைக்கக் கூடாது. ஒருநாள் வெளியே வந்தால் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சொந்தக்காரர்களும் சேர்ந்து கையை மூடிக்கொள்வார்கள். அந்தச் செலவை யார் ஏற்கிறார் என்பதை மாற்றிப் பாருங்கள். 2014-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 40,000 பேரை நான்காகப் பிரித்து, பிரிவுக்கு 10,000 பேர் வீதம் கடிதம் அனுப்பினார்கள். சாதாரண வேண்டுகோளுக்கு 8,040 டாலர் வந்தது. 'ஒருவர் ஏற்கெனவே பெரிய தொகை தந்திருக்கிறார்' என்றதற்கு 13,220. 'நீங்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் அவர் ஒரு டாலர் போடுவார்' என்றதற்கு 12,210. 'நிர்வாகச் செலவை அவர் ஏற்றுக்கொண்டார். உங்கள் பணம் முழுவதும் பணிக்கே' என்றபோது 23,120 டாலர்!

எனவே வழக்கமாகப் பெரிய தொகை தரும் ஒருவரிடம் நோட்டீஸ் அடிக்கும் முன்பே பேசுங்கள். ஆண்டு வாடகையையும் சம்பளத்தையும் அவர் ஏற்றால், அதை அவரிடம் எழுத்தில் வாங்கி, தனிக் கணக்குத் தலைப்பில் வரவு வையுங்கள். பாதியைத்தான் ஏற்றார் என்றால் பாதி என்றே எழுதுங்கள்.

கே: எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பலகையில் எழுதி வைக்கலாமா?
*— வாசகர், கோவில்பட்டி*

ப: முதல் நாளே வேண்டாம். இலக்கு 3 லட்சம், சேர்ந்தது 4,000 என்ற பலகை, 'இது நடக்காது' என்றுதான் போகிறவரிடம் சொல்லும். அமெரிக்காவின் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்குக் கணினி வாங்க நடந்த வசூலில், இலக்கில் 10 சதவீதம் முன்பே சேர்ந்துவிட்டது என்ற கடிதத்தை விட, 67 சதவீதம் சேர்ந்துவிட்டது என்ற கடிதத்துக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு பணம் வந்தது. நெருங்கியவர்களிடம் சத்தமில்லாமல் பாதிக்கு மேல் திரட்டிவிட்டுப் பலகையை வெளியே வையுங்கள்.

ரசீதுப் புத்தகத்தின் முதல் வரியும் முக்கியம். மொய் நோட்டில் தனக்கு முன்னால் எழுதியவர் என்ன வைத்தார் என்று பார்க்காமல் எழுதுபவர் நம்மில் எத்தனை பேர்? அமெரிக்கப் பொது வானொலி ஒன்றில், போனில் நன்கொடை தர வந்தவர்களிடம் 'இன்னொருவர் 300 டாலர் கொடுத்தார்' என்று சொன்னபோது சராசரித் தொகை சுமார் 12 சதவீதம் உயர்ந்தது. அந்த இன்னொருவர் உண்மையிலேயே இருக்க வேண்டும். 50 ரூபாய் தருபவரிடம் 50,000 ரூபாய் ரசீதைக் காட்டினால் அவர் கூசிப்போவார். அவர் வழக்கமாகத் தருவதற்குச் சற்று மேலே உள்ள பக்கத்தைக் காட்டுங்கள்.

கே: எங்கள் திட்டம் பலன் தருகிறது என்பதற்கு ஆய்வறிக்கையே இருக்கிறது. எல்லாருக்கும் அனுப்பலாமா?
*— வாசகி, வேலூர்*

ப: எல்லாருக்கும் வேண்டாம். 'ஃப்ரீடம் ஃப்ரம் ஹங்கர்' என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு தன் பழைய நன்கொடையாளர்களுக்கு அனுப்பிய கடிதங்களில் ஆய்வு முடிவைச் சேர்த்துப் பார்த்ததில், மொத்தத்தில் மாற்றமில்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால், முன்பு பெரிய தொகை தந்தவர்கள் கூட்டித் தந்தார்கள். சிறு தொகை தந்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். கடந்த ஆண்டு ரசீதுகளைத் தொகை வாரியாக இரண்டாகப் பிரித்து, மேல்தட்டுக்கு அறிக்கைச் சுருக்கமும் தணிக்கைக் கணக்கும் வைத்த கடிதம் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு ஒரு பக்கம் போதும். அதன் கடைசி வரியில், கணக்கைப் பார்க்க விரும்புபவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அலுவலகம் வரலாம் என்று எழுதிவிடுங்கள்.