சாரா பேலினை அறிவித்த நாள்: கேள்வி பதில்

ஓஹையோ மாநிலம் டேட்டன் பக்கம் இருபத்தைந்து வருடமாக வசிக்கிறேன். குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவள். 2008 அதிபர் தேர்தலில் ஜான் மெக்கெய்ன், அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினைத் தன் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தது எங்கள் ஊர் அரங்கில்தான். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

கோவை மாணவி: அக்கா, அறிவிப்பைக் கேட்டதும் என்ன தோன்றியது?

"யார் இந்தப் பெண்?" என்றுதான் முதலில் தோன்றியது. அன்று ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. மெக்கெய்னுக்கு அன்றுதான் 72 வயது நிறைந்தது. முந்தின இரவு டென்வர் மைதானத்தில் ஒபாமா பேசியதைக் கேட்டுவிட்டு, கதை முடிந்தது என்று நாங்கள் சோர்ந்து கிடந்தோம். அப்போது 44 வயது ஆளுநர் ஒருவர் ஐந்து குழந்தைகளின் தாயாக மேடையேறுகிறார். கடைக்குட்டி நான்கு மாதக் குழந்தை. அவனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பது கருவிலேயே தெரிந்தும் பெற்றெடுத்தவர். கருக்கலைப்பை எதிர்க்கும் என் போன்றவர்களுக்கு அதற்கு மேல் ஒரு மேடைப் பேச்சு வேண்டுமா? தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சென்னை வாசகர்: மெக்கெய்னும் உங்கள் கட்சிதானே? அவர்மேல் ஏன் அவ்வளவு அவநம்பிக்கை?

அவரது தியாகத்தின்மேல் எனக்கு என்றும் மரியாதை உண்டு. வியட்நாமில் ஐந்தரை வருடம் சிறையில் கிடந்தவர். ஆனால் 2001இலும் 2003இலும் புஷ் கொண்டுவந்த வரிக்குறைப்பை எதிர்த்து வாக்களித்தார். ஜனநாயகக் கட்சி செனட்டர்களான ஃபைன்கோல்டோடு தேர்தல் நிதிச் சட்டத்திலும், டெட் கென்னடியோடு குடியேற்ற மசோதாவிலும் கைகோத்தார். எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் நெஞ்சில் முள். கிறிஸ்தவ வானொலியில் செல்வாக்குள்ள ஜேம்ஸ் டாப்சனே, மெக்கெய்னுக்கு வாக்களிக்க மாட்டேன் என்று வருடத் தொடக்கத்தில் சொல்லியிருந்தார். பேலின் வந்ததும் மனம் மாறினார். பேலின் வந்தபோதுதான் 'இந்த மனிதர் நம் பேச்சையும் கேட்கிறார்' என்ற நம்பிக்கை எங்களுக்கு வந்தது.

திருச்சி ஆசிரியர்: துணை அதிபர் வெறும் ஒப்புக்குச் சப்பாணி இல்லையா, மேடம்?

வேலை என்று பார்த்தால் குறைவுதான். செனட்டுக்குத் தலைமை வகிப்பார், வாக்குகள் சமமானால் தன் வாக்கைப் போடுவார். ஆனால் 1945இல் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்ததும் துணை அதிபர் ட்ரூமன்தான் அதிபரானார். அவர் துணை அதிபராகி அப்போது 82 நாட்கள்தான் ஆகியிருந்தன, சார். வேட்பாளருக்கு 72 வயது என்னும்போது இதை மறக்க முடியாது.

மதுரை வாசகி: கட்சி மாநாட்டில் பேலின் பேசியதைப் பார்த்தீர்களா?

பார்க்காமல் இருப்பேனா! செப்டம்பர் 3, செயின்ட் பால் நகரம். பேச்சைவிட மனதில் நிற்பது வேறொன்று. பார்வையாளர் வரிசையில் பேலினின் ஏழு வயது மகள் குட்டித் தம்பியை மடியில் வைத்திருந்தாள். உள்ளங்கையை நக்கி, அந்த எச்சிலால் அவன் தலைமுடியைப் படிய வாரிவிட்டாள். நம் வீட்டில் எந்த அக்காவும் செய்கிற காரியம். நம்மில் ஒருத்தி என்ற எண்ணம் அந்த நொடியில் எனக்குள் ஊறிவிட்டது.

டொராண்டோ நண்பர்: எப்போது சந்தேகம் வந்தது?

செப்டம்பர் கடைசியில், தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக் பேலினை எடுத்த பேட்டியில். என்னென்ன செய்தித்தாள், பத்திரிகை படிக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு பெயர்கூட வரவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் முட்டாள் இல்லை. எண்ணெய் நிறுவனங்களோடு மோதி மாநிலத்தை நடத்தியவர். தேசிய மேடைக்குத் தயாராக அவருக்கு நேரம் தரவில்லை என்பதுதான் என் கோபம். மெக்கெய்ன் அறிவிப்புக்கு முந்தின நாள்தான் அரிசோனாவில் அவரோடு நேரில் பேசி முடிவெடுத்தார். நிதானம்தான் பழமைவாதத்தின் முதல் குணம் என்று வளர்ந்தவள் நான். இவ்வளவு பெரிய பதவிக்கு அந்த நிதானம் எங்கே போயிற்று? கேத்லீன் பார்க்கர் என்ற எங்கள் பழமைவாதத் தரப்புப் பத்தி எழுத்தாளர், பேலின் விலக வேண்டும் என்று எழுதியபோது பலர் அவரைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

கோவை மாணவி: தோல்விக்கு அவர்தான் காரணமா?

இல்லை. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. எட்டு வருடமாக வெள்ளை மாளிகையில் இருந்த எங்கள் கட்சிமேல்தான் மக்களின் கோபம் விழும். ஓஹையோவும் கைவிட்டுப் போனது. முடிவில், அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் ஒபாமாவுக்கு 365, மெக்கெய்னுக்கு 173. அவரால் நடுநிலையாளர்கள் சிலர் விலகியிருப்பார்கள், சரி. ஆனால் கதவு கதவாகத் தட்டிய தொண்டர்கள் வந்ததே அவரால்தான்.

சென்னை வாசகர்: மெக்கெய்னே பிறகு வருந்தினாராமே?

ஆமாம். ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகிச் சுயேச்சையான ஜோ லீபர்மனைத்தான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று 2018இல் எழுதினார். இதில் அவரோடு நான் உடன்படவில்லை. கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவரை நிறுத்தியிருந்தால் மாநாட்டிலேயே கட்சி உடைந்திருக்கும். நானே வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

மதுரை வாசகி: கடைசியில் யாருக்கு வாக்களித்தீர்கள், அக்கா?

மெக்கெய்னுக்கும் பேலினுக்கும். இங்கே அதிபருக்குத் தனி, துணை அதிபருக்குத் தனி என்று வாக்குக் கிடையாது, இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். கூரிக் பேட்டிக்குப் பிறகும் அந்த வாக்கை அவர்களுக்கே போட்டேன்.