இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர பிரவுசரால் என்ன ஆபத்து?

இலவச மென்பொருள் ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது, ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருக்கும் பெட்டியைக் கவனிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்தினால் கூடவே வந்து உட்காருவதுதான் இது. இவற்றில் பல, கூகுள் குரோமுக்கு அடிப்படையாக இருக்கும், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய குரோமியம் நிரலை எடுத்துச் செய்தவை, அதனால் பார்க்க குரோம் மாதிரியே இருக்கும். மென்பொருளோடு சேர்த்து அனுப்புகிறவருக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் பிரவுசர்காரர் காசு தருகிறார். அந்தக் காசை அவர் உங்கள் தேடல்களையும் நீங்கள் போகும் தளங்களையும் வைத்து விளம்பரம் காட்டி மீட்கிறார். முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருக்கிறதே என்றால், அது வழியில் ஒட்டுக்கேட்பவரை மட்டும்தான் தடுக்கும், பிரவுசரோ நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை, மறையாக்கத்துக்கு (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவதற்கு) முன்பே பார்க்கிறது. கடிதத்தை நன்றாக ஒட்டித்தான் அனுப்புகிறீர்கள், சரி, ஆனால் எழுதிக் கொடுப்பவரே வேவுக்காரர் என்றால்? ஆகவே அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, அதில் தட்டிய பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பிரவுசரின் இன்காக்னிட்டோ என்ற தனி உலாவல் முறையில் போனால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பார்த்த தளங்களின் பட்டியல் போன்றவற்றைக் கணினியில் விட்டுவைக்காது, அவ்வளவுதான், அதுவும் பிரவுசர் நேர்மையாக இருந்தால்.