பழைய காரில் பி0171 வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற வேண்டுமா?

கேட்டிருந்தது இது: ராயபுரம், 2008 மாடல் பெட்ரோல் கார், செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேன் செய்ததில் பி0171. ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். பி0171 என்றால் ‘கலவை மெலிந்திருக்கிறது’ என்று பொருள். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று தெரிந்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கிறது. எவ்வளவு ஊற்றியும் சரியாகவில்லை என்றால் விளக்கை எரியவிடுகிறது. எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்து, மெலிந்திருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொன்னதே அந்த ஆக்ஸிஜன் சென்சார்தான். அது சொன்னது உண்மையா என்று பார்க்காமல் அதையே கழற்றச் சொல்கிறார்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் தண்டையார்பேட்டை. என் வண்டியும் ஏறத்தாழ உங்கள் வண்டி வயதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வண்டிக்குள் கால் வைக்கும் இடம் வரை ஏறிவிட்டது. காய வைத்து, ஆயில் மாற்றி ஓட்டினேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் திருவொற்றியூர் ஹைரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிக்கப் செத்து நின்றுவிட்டது. ஸ்கேன் செய்தால் ஒரே நேரத்தில் மூன்று கோட்: பி0108, பி0118, பி0123. அதாவது மேப் சென்சார் (இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளப்பது), கூலன்ட் வெப்பநிலை சென்சார், த்ராட்டில் சென்சார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஈசியூவே போய்விட்டது என்று 18,000 ரூபாய் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் மூன்று சென்சாரையும் மாற்றச் சொன்னார்கள்.

கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் கோட்களைப் பார்த்துவிட்டு, “தம்பி, மூணும் ‘ஹை’னு வருது பாரு. மூணு சென்சாரும் ஒரே நாள்ல சாகாது. மூணுக்கும் பொதுவா இருக்கறது எர்த் வயர்தான், அத தேடு” என்றார். அந்த மூன்று சென்சாருக்கும் எர்த் தனித்தனியாகப் போவதில்லை. ஹார்னஸ் என்ற வயர்க் கட்டுக்குள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வயராக ஈசியூவுக்குப் போகிறது. அந்த வயர் துண்டானால் மூன்று சிக்னலும் 5 வோல்ட்டை நோக்கி எகிறிவிடும். கூலன்ட் அளவை லைவ் டேட்டாவில் பார்த்தோம். கொளுத்தும் வெயிலில் மைனஸ் 40 டிகிரி காட்டியது!

சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை த்ராட்டில் சென்சாரின் எர்த் பின்னிலும், மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 0.9 காட்டியது. ஹார்னஸை அசைத்தால் 4 வோல்ட்டைத் தாண்டியது. அசைத்துக்கொண்டே பின்னால் போனதில், டேஷ்போர்டுக்கு அடியில் தண்ணீர் ஏறிய பக்கம் ஒரு கப்ளரில் (வயர்களை இணைக்கும் சொருகி) ஒரு பின் மட்டும் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைப் புதிதாகக் கிரிம்ப் செய்ததோடு சரியாகிவிட்டது. அவர் கூலியோடு 600 ரூபாய். ஒரு சென்சாரும் மாற்றவில்லை. இன்றுவரை அந்த மூன்று கோட்களும் திரும்பி வரவில்லை.

நம் பக்கத்தில் இது சாதாரணம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று, அதற்கு மேல் வருடா வருடம் தேங்கும் தண்ணீர். சென்சார் கெட்டுப்போவதற்கு முன்னால் கப்ளரும் எர்த்தும்தான் கெடும். அதனால் ஸ்கேனரில் இருப்பதை எல்லாம் முதலில் குறித்துக்கொண்டு (பேட்டரியைக் கழற்றினால் அழிந்துவிடலாம்), பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் போல்ட்களைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

சரி, உங்கள் பி0171. ஸ்கேன் செய்தவர் கோட் நம்பரை மட்டும் சொல்லியிருப்பார். உங்களுக்குத் தேவை ஃப்ரீஸ் ஃப்ரேமும் ஃபியூயல் ட்ரிம்மும். விளக்கு எரிந்த நொடியில் வேகம், இன்ஜின் சூடு, லோடு என்ன என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டும். சொந்தமாக ப்ளூடூத் அடாப்டர் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் ஓபிடி (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் முறை) முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும்தான் கட்டாயமானது. 2008 வண்டியில் 16 பின் சாக்கெட் இருக்கலாம், ஆனால் பேசும் மொழி பெரும்பாலும் ஏழாவது பின்னில் உள்ள கே-லைன். சில வண்டிகள் கம்பெனியின் சொந்த முறையில் மட்டுமே பேசும். மலிவான ஈஎல்எம்327 அடாப்டர் நகல்கள் பல இங்கேதான் திணறும். யாரிடமாவது வாங்கி உங்கள் வண்டியில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ட்ரிம் என்பது ஈசியூ எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. ஷார்ட் டெர்ம் (அந்த நேரத்துத் திருத்தம்), லாங் டெர்ம் (ஓட்ட ஓட்டக் கற்று வைத்திருக்கும் திருத்தம்) இரண்டையும் கூட்டி, கூட்டலிலோ கழித்தலிலோ 10க்குள் இருந்தால் நல்லது. பொதுவாகக் கூட்டலில் 20-25ஐத் தொட்டால் பி0171 விழும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்று நிலையில் குறித்துக்கொள்ளுங்கள்: ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல்), நின்ற இடத்தில் 2,500 ஆர்பிஎம்மில், அப்புறம் பேசின் பிரிட்ஜ் பாலம் மாதிரி ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏறும்போது. மூன்றாவதற்கு எண்களைக் குறிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.

ஏற்றத்தில் மட்டும் எண் ஏறினால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபில்டரையும் பம்ப் பிரஷரையும் பாருங்கள். எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கம் இருந்தால் பம்ப் மீதுதான் முதல் சந்தேகம். டாங்க் பெட்ரோலில்தான் அது குளிர்கிறது.

ஐடிலில் அதிகமாக இருந்து 2,500ல் இறங்கினால் எல்லோரும் வேக்குவம் லீக் (ஹோஸ் வழியாகக் கூடுதல் காற்று இன்ஜினுக்குள் கசிவது) என்பார்கள். காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிக்கு அது முழுக்கச் சரி. நம் ஊர்ப் பழைய சின்னக் கார்களில் பெரும்பாலும் இருப்பது மேப் சென்சார். ஹோஸ் வெடித்துக் காற்று உள்ளே போனால், மேனிஃபோல்டில் அழுத்தம் கூடுவதை அது பார்த்துவிடும், ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலும் ஊற்றிவிடும். அதனால் கலவை மெலிவதை விட ஐடில் ஏறிக் கத்துவதுதான் அடையாளம். ஐடில் இயல்பாக இருந்து ட்ரிம் மட்டும் கூடினால், நான் முதலில் பார்ப்பது ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை. அங்கே சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்றை உறிஞ்சும், சென்சார் அதை மெலிவு என்று நினைத்துக்கொள்ளும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பானட்டைத் திறந்து கேளுங்கள். ‘டக் டக்’ என்று ஒரு சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் அதுதான்.

மூன்று நிலையிலும் 8 சதவீதம் போல ஒரே சீராக ஏறி நின்றால் பயப்பட வேண்டாம், அதில் பெரும்பங்கு இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது). எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இ20க்கு ஏறத்தாழ 13.5 போதும். அதனால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் போயாக வேண்டும். பழைய வண்டியில் ஏற்கனவே சின்னக் குறை ஒன்று இருந்தால், இந்த 8ம் சேர்ந்து எல்லையைத் தாண்டவைத்துவிடும். குறையைக் கண்டுபிடித்தால் போதும், பெட்ரோலைக் குறை சொல்லி விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக அந்த ஆக்ஸிஜன் சென்சார். சூடான இன்ஜினில் அதன் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஓயாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8க்கு மேல் போய், விட்டதும் பூஜ்யத்தருகே விழுந்தால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. மிதித்தும் அசையாமல் கீழேயே கிடந்தால் அதன் கப்ளரையும் வயரையும் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

எதைச் சரிசெய்தாலும் அதன் பிறகு ஸ்கேனரிலேயே கோட்டை அழியுங்கள். லாங் டெர்ம் ட்ரிம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எண்ணூர் வரை இரண்டு நாள் போய்வந்து எண்ணைப் பாருங்கள். 10க்குள் நின்றால் சரியாகிவிட்டது. மறுபடி 20ஐ நோக்கி ஏறினால், விளக்கு எரியும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.