டெக் பலகை வழுக்குகிறதா, அதன் மேல் படிந்தது வழுக்குகிறதா?

ஹட்டன் பக்கம் நான்கு அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சுருக்கமாக அவர் கேட்பது இது: "வீட்டுக்குப் பின்னால், நீர்த்தேக்கத்தைப் பார்த்த மாதிரி, 20 அடிக்கு 12 அடி கொம்போசிட் டெக் போட்டு ஒன்றரை வருடமாகிறது. கோடு கோடாக வரி உள்ள பலகை. வாங்கும்போது 'ஆர்10 தரம், வழுக்கவே வழுக்காது' என்றார்கள். போன மாதம் மாமி காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு போய் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதற்கு முந்திய வாரம் தங்க வந்தவர்களின் பிள்ளை படியில் சறுக்கியது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சீமெந்து போட்டுவிடவா? இல்லையென்றால் மேலே ஏதாவது பூசலாமா?"

கழற்ற வேண்டாம். பூசவும் வேண்டாம். மாமியின் கை குணமாகும் முன்பே இதைச் சரிசெய்துவிடலாம், பெரிய செலவும் இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் தண்ணீர்ப் பீலியடிக் கல். கருங்கல்லைப் போலச் சொரசொரப்பான தரை வேறு என்ன இருக்கிறது? ஆனாலும் குடத்தோடு அந்தக் கல்லில் கால் வைக்க எவ்வளவு பயப்படுவோம்! கல்லின் மேல் படிந்திருக்கும் பாசிதான் வழுக்குகிறது. உங்கள் டெக்கிலும் அதே கதைதான். நீங்கள் அனுப்பிய படத்தில், கூரை விளிம்புக்கு நேர் கீழே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பச்சைப் பட்டை ஓடுகிறது. மாமி விழுந்த இடம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொம்போசிட் என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும், பெரும்பாலும் பொலிஎதிலீன், ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்து சூடாக்கி அச்சில் பிதுக்கி எடுத்த பலகை. பழைய வகையில் அந்தக் கலவை அப்படியே வெளியே தெரியும். புதிய வகையில் சுற்றிவர மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒன்று இருக்கும். பிளாஸ்டிக் பாசி பிடிக்காது என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. பாசி பலகையைத் தின்னாது, சரிதான். ஆனால் காற்றில் வரும் தூசி, இலைச் சாறு, பறவை எச்சம், பூச்சட்டியிலிருந்து வழியும் உரத்தண்ணீர் எல்லாம் பலகை மேல் படியும். பாசிக்கு அதுவே போதும், ஈரம் மட்டும் நிற்க வேண்டும். ஈரத்துக்கு நம் பக்கம் என்ன குறை? வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஹட்டன் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை வெயிலைத் தேட வேண்டும். மழை விட்டாலும் மூடுபனி விடாது.

இனி அந்த ஆர்10. கடைக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அந்த எண்ணின் அர்த்தம் அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அது ஜேர்மனியின் சாய்தளச் சோதனையில் வரும் எண். சோதனைக்கூடத்தில் புதுப் பலகையைப் பதித்து, அதன் மேல் மோட்டார் எண்ணெய் ஊற்றி, பாதுகாப்புச் சப்பாத்து போட்ட ஒருவரை நடக்க விட்டு, தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். விழுந்தாலும் அடிபடாமல் அவரை மேலிருந்து வாரில் கட்டியிருப்பார்கள். எத்தனை பாகையில் சறுக்குகிறார் என்று பார்ப்பார்கள். 10 பாகைக்கு மேல் 19 பாகை வரை தாங்கினால் ஆர்10. இந்த வரிசை ஆர்9இல் தொடங்கி ஆர்13 வரை போகிறது. அதாவது ஆர்10 என்பது கீழிருந்து இரண்டாவது படி. பத்துக்குப் பத்து எடுத்த மாதிரி அதைச் சொல்லி விற்கிறார்கள், நாமும் தலையாட்டி வாங்குகிறோம். ஒன்றரை வருடப் பாசியின் மேல் மாமியின் தேய்ந்த இறப்பர் செருப்பு எப்படி நிற்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

வெளித் தரைக்கு நான் நம்புவது ஊசல் சோதனை. ஒரு கை ஊஞ்சல் மாதிரி ஆடி வந்து, நுனியில் உள்ள இறப்பர் துண்டால் ஐந்து அங்குலத் தூரம் தரையை உரசிக்கொண்டு போகும். தரை எவ்வளவுக்குப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு மறுபக்கம் எழும்பும் உயரம் குறையும். நடக்கும்போது குதிக்கால் தரையில் படும் விதத்தை அது அப்படியே காட்டுகிறது. தண்ணீர் தெளித்து அளக்கும்போது 36 அல்லது அதற்கு மேல் வந்தால் வழுக்கும் ஆபத்து குறைவு. 25 முதல் 35 வரை நடுத்தரம். 24 அல்லது கீழே என்றால் அந்தத் தரையை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். இன்னொரு டெக் போட நினைக்கும் யாராவது இதைப் படித்தால் கடையில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "ஈரமாக இருக்கும்போது ஊசல் எண் என்ன? வரியின் நீளவாக்கில் எவ்வளவு, குறுக்கே எவ்வளவு?" காய்ந்த எண்ணைக் காட்டினால் வாங்காதீர்கள். காய்ந்த தரை எதுவும் அநேகமாகப் பிடிக்கும்.

நீளவாக்கு, குறுக்கு என்று ஏன் பிரித்துக் கேட்கச் சொல்கிறேன்? வரி போட்ட பலகை வழுக்காது என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. வாகன டயரை நினைத்துக்கொள்கிறோம் போல. உண்மையில் கால் படுவது வரிகளுக்கு இடையில் உள்ள மேடுகளில் மட்டும்தான். வரியின் திசையிலேயே நடந்தால் அவை தண்டவாளம் மாதிரி வழி விடும். பள்ளங்களில் தண்ணீரும் மண்ணும் தேங்கி, பாசிக்குப் பாத்தி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் பலகை, ஆட்கள் நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். உங்கள் படத்தில் கதவிலிருந்து கம்பி வேலி வரை பலகை நேராக ஓடுகிறது. போட்ட பாஸ் அழகைப் பார்த்திருக்கிறார்.

சரி, பழுது பலகையிலா, பாசியிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாமி விழுந்த இடத்தில் ஓரடிக்கு ஓரடி சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம் போடுங்கள். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, நைலோன் பிரஷால் வரியின் போக்கிலேயே ஐந்து நிமிடம் தேயுங்கள். வரும் தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். கறுப்பும் பச்சையுமாக வந்தால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவுங்கள். சவர்க்காரம் மிஞ்சினால் அதுவே வழுக்கும். இப்போது பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, செருப்போடு காலை அழுத்தி அந்த ஈரச் சதுரத்தில் முன்னால் தள்ளிப் பாருங்கள். அப்படியே கழுவாத இடத்திலும் தள்ளுங்கள். எழுந்து நின்று இந்தப் பரீட்சை வேண்டாம், வீட்டில் ஒரு மணிக்கட்டு போனது போதும். கழுவிய இடத்தில் கால் நின்று, கழுவாத இடத்தில் ஓடினால் பலகை நல்ல பலகை. இரண்டிலும் ஓடினால்தான் பலகையைச் சந்தேகிக்க வேண்டும்.

பத்தில் எட்டு வீட்டில் கழுவிய இடம் நிற்கும் என்பது என் அனுபவம். அப்படியானால் முழு டெக்கையும் அதே மாதிரி கழுவுங்கள். நம் வீட்டுத் தும்புத்தடி தூசி கூட்டத்தான் சரி, பாசிக்கு விறைப்பான நைலோன் பிரஷ் வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. வாகனம் கழுவும் பிரஷர் வாஷர் இருந்தால் விசிறி போல விரியும் முனையை மாட்டி, ஓரடி தள்ளிப் பிடித்துக் கழுவலாம். கிட்டப் பிடித்தால் தோல் இல்லாத பலகையில் மரத்தூளைப் பிய்த்து எடுத்துவிடும், அடுத்த மழைக்குப் பாசி இன்னும் ஆழமாகப் பிடிக்கும். பாசி திரும்பத் திரும்ப வந்தால் பென்சல்கோனியம் குளோரைட் உள்ள பாசிகொல்லியை, போத்தலில் எழுதிய அளவுக்குக் கலந்து, மழை இல்லாத ஒரு நாளில் தெளித்து விடலாம். ஆனால் அது மீனுக்கு ஆகாது. உங்கள் வடிகான் நீர்த்தேக்கப் பக்கம் போகிறது என்றால் பிரஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிளோரின் தூளையும் டொய்லட் கழுவும் அமிலத்தையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதில் எழும் வாயு நெஞ்சை அடைக்கும்.

கழுவினால் மூன்று மாதம் தாங்கும். அதற்கு மேல் தாங்க வேண்டுமென்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அது கூரைப் பீலி. இலை அடைத்து நிரம்பி வழிந்து, அந்த விளிம்பு நேராக டெக்கில் சொட்டுகிறது. பீலியைத் துப்புரவாக்கி, சரிவைச் சரிசெய்யுங்கள். பச்சைப் பட்டை திரும்ப வருவது அதிலேயே பாதி குறைந்துவிடும். பிறகு பலகைகளுக்கு இடையிலான இடைவெளி. அது ஐந்து மில்லிமீற்றர் அளவில் திறந்திருக்க வேண்டும். உங்களுடையதில் யூகலிப்டஸ் இலை அடைத்துக் கிடக்கிறது. பழைய ஹக்சோ பிளேட் ஒன்றால் கிளறி விடுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள்: ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது, பலகையின் நீளவாக்கில், வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும். கண்ணாடி மாதிரி மட்டமாகப் போட்ட டெக்கை நம் பாஸ்மார் பெருமையாகக் காட்டுவார்கள். வெளித் தரைக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

கதவடியில் விரித்திருக்கும் தும்புக் கால்மிதியை எடுத்துவிடுங்கள். அதைத் தூக்கினால் கீழே பாசி இருக்கும். ஓட்டை ஓட்டையான இறப்பர் விரிப்பு போதும். பூச்சட்டிகளைச் சிறு கால் வைத்த தாங்கியில் ஏற்றுங்கள். விருந்தினருக்கென்று வாசலில் வைத்திருக்கும் பொதுச் செருப்புகளையும் திருப்பிப் பாருங்கள். அடியில் கோடு தேய்ந்து பளபளவென்று இருந்தால் அந்தச் சோடிக்கு ஓய்வு கொடுங்கள். இதை யாரும் கவனிப்பதே இல்லை.

பூசுவது பற்றிக் கேட்டீர்கள். பல வருடங்களுக்கு முன் பண்டாரவளையில் ஒரு வேலையில், மணல் கலந்த பெயின்ற் ஒன்றைக் கொம்போசிட் பலகையில் நானே அடித்தேன். பொலிஎதிலீனில் எதுவும் லேசில் ஒட்டாது என்று தெரிந்திருந்தும், வீட்டுக்காரர் அவசரப்பட்டதால் அடித்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. உரிந்த இடமும் உரியாத இடமும் மாறி மாறி இருக்கும் தரை, முழுக்க வழுக்கும் தரையைவிட மோசம். கால் எதை நம்புவது? ஒட்டும் மணல் நாடாவும் ஈரத்தில் ஓரம் கிளம்பி, பிறகு கால் தடுக்கும்.

ஆனால் படிக்கு மட்டும் ஏதாவது செய்தே ஆக வேண்டும். டெக்கில் வழுக்கினால் உட்காருவோம், படியில் வழுக்கினால் உருளுவோம். பிள்ளை சறுக்கிய அந்த மூன்று படிகளிலும், முன்விளிம்போடு ஒட்டி, இரண்டு அங்குல அகலமான மணல் பதித்த ஃபைபர்கிளாஸ் பட்டியைத் துருப்பிடிக்காத திருகாணியால் இறுக்குங்கள். முதலில் துளையிட்டுவிட்டு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை பிளக்கும். மஞ்சள் நிறம் எடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், ஆனால் பனியிலும் இரவிலும் படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கூடவே ஒரு கைப்பிடி, இடுப்புயரத்துக்கு. படத்தில் கைப்பிடியைக் காணவில்லை. இதே பட்டியில் இரண்டு மூன்றை, கதவிலிருந்து கம்பி வேலி வரை நடக்கும் வழியில் மட்டும் குறுக்கே பதித்தால், பலகை தப்பான திசையில் போட்ட குறையும் தீரும்.

நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஜனவரி, பெப்ரவரி விடியலில் சில நாள் உறைபனி விழும். அப்போது எந்த ஊசல் எண்ணும் காப்பாற்றாது. வெயில் படும்வரை டெக்குக் கதவைப் பூட்டி வையுங்கள். அப்புறம், கார்த்திகைக்கு டெக் விளிம்பில் அகல் விளக்கு வரிசையாக வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தட்டில் வையுங்கள். எண்ணெய் சிந்தினால் வழுக்கும், சுடர் சாய்ந்தால் பலகை உருகிக் குழி விழும். அந்தக் குழியை எடுக்க வழியே இல்லை.

சகோதரி, வருகிற சனிக்கிழமை மழை விட்டிருந்தால் அந்தச் சுண்ணக்கட்டிச் சதுரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கழுவிய இடத்திலும் கால் ஓடுகிறது என்றால், டெக்குக்கு அடியில் குனிந்து பலகையின் மறுபக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சில பலகைகளுக்கு மறுபக்கத்தில் வரி இருக்காது, மரக்கோலம் அழுத்தியிருக்கும். கிளிப்பில் மாட்டியதாக இருந்தால், கழற்றித் திருப்பிப் போட ஒரு பாஸுக்கு இரண்டு நாள் வேலைதான்.